கைமொழியில் நற்செய்தி: வன்னியில் காது கேளாதோரோடு திருப்பணி தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு கோவிலுக்கோ சபைக்கோ காது கேளாத ஒருவர் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மற்றவர்கள் எழும்பும்போது அவரும் எழும்புவார், இருக்கும்போது இருப்பார், கைகூப்பும்போது கைகூப்புவார். பிரசங்கம் முடியும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி வருடக்கணக்காக வந்தும், இயேசு யார், அவரை ஏன் சிலுவையில் அறைந்தார்கள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டார் பக்தியானவர்களாகவே இருப்பார்கள். எப்படிச் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதை மாற்ற நினைக்கும் பங்குத்தந்தையர், போதகர்கள், அருட்சகோதரிகள், மறைக்கல்வி மற்றும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள், இளைஞர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். எந்தத் திருச்சபையானாலும் வேலை ஒன்றுதான். ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கேட்கும் நாங்கள் செய்யும் பிரசங்கத்தைக் கையசைவில் மாற்றிக் கொடுப்பதோடு இந்தப் பணி முடிந்துவிடாது. காது கேளாத ஒருவர் இன்னொரு காது கேளாதவருக்குத் தங்கள் மொழியிலேயே நற்செய்தியைச் சொல்லும் நிலை வரவேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதை நோக்கியவைதான்.

படி 1: யார் இருக்கிறார்கள் என்று அறியுங்கள்

ஆட்களைத் தேடக் கிராம அலுவலரிடம் போகலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும், ஊரின் குடும்பநல உத்தியோகத்தரிடமும், பாடசாலையில் விசேட கல்வி பார்க்கும் ஆசிரியரிடமும் விசாரிக்கலாம். பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். அதைத் தர அவர்களுக்கு அனுமதி இருக்காது, இருக்கவும் கூடாது. "நாங்கள் இப்படியொரு வேலை தொடங்குகிறோம், விருப்பமுள்ள குடும்பம் இருந்தால் எங்கள் நம்பரைக் கொடுங்கோ" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதையெல்லாம் விட நல்ல வழி, காது கேளாத ஒருவரைக் கேட்பது. கிளிநொச்சியில் தையல் தைக்கும் ஒருவருக்கு விசுவமடுவிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். அவர்கள் வீடியோ கோலில் ஒவ்வொரு நாளும் கதைத்துக்கொள்பவர்கள்.

கண்டுபிடித்தவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாக எண்ணிவிடக் கூடாது. வன்னியில் குறைந்தது மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, சின்ன வயதிலேயே காது கேளாமல் போய், யாழ்ப்பாணத்துக் கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் படித்தவர்கள். இவர்களுக்கு முழுமையான கைமொழி உண்டு. தமிழ் எழுத்தும் ஓரளவு வாசிப்பார்கள். உங்களுக்கு ஆசிரியர்களாக வரப்போகிறவர்கள் இவர்கள்தான்.

இரண்டாவது, பிறவியிலேயே கேளாமல், பாடசாலைக்கும் போகாதவர்கள். போர்க்காலத்தில் ஏ-9 வீதி வருடக்கணக்காக மூடிக் கிடந்தது. 2002-இல் திறந்தார்கள், 2006-இல் மறுபடி மூடினார்கள். ஆனையிறவைத் தாண்டிக் கைதடிக்கு ஒரு பிள்ளையை அனுப்புவது பல தாய்மாருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத காரியமாக இருந்தது. பிறகு இடம்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம். அப்படி வளர்ந்து இன்று நடுவயதில் இருப்பவர்களிடம் வீட்டுச் சைகைகள் மட்டுமே உண்டு. சாப்பாடு, தண்ணீர், மாடு, தம்பி, கோபம் என்ற அளவில் தாயும் சகோதரங்களும் மட்டும் புரிந்துகொள்ளும் சைகைகள். இவர்களிடம் நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் பேசுவதே கடினம். நற்செய்திக்கு முன்னால் இவர்களுக்கு ஒரு மொழி வேண்டும். அதைக் கொடுப்பதும் நற்செய்திப் பணிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது, பேசிப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்தவர்கள். ஷெல் அடியில் செவிப்பறை கிழிந்தவர்கள், குண்டுச் சத்தத்தில் உட்காது பழுதானவர்கள், முதுமையில் கேட்காமல் போனவர்கள். இவர்களுக்குத் தமிழ்தான் தாய்மொழி. கைமொழியைத் திணித்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். பிரசங்கத்தை எழுத்தில் கொடுங்கள், வசனங்களைத் திரையில் போடுங்கள், முன் வரிசையில் இடம் கொடுங்கள், வாய் அசைவு தெரியும்படி முகம் பார்த்துக் கதையுங்கள். காதுக்குள் ஓயாமல் இரையும் சத்தத்தால் நித்திரையில்லாமல் தவிப்பவர்களும் இவர்களில் உண்டு. அவர்களை வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒருவர் துணை போனாலே பெரிய உதவி.

படி 2: மொழியை அவர்களிடமே படியுங்கள்

யூடியூப்பில் கைமொழி என்று தேடினால் அமெரிக்க, இந்தியக் காணொளிகள்தான் நிறைய வரும். அதைப் படித்துக்கொண்டு வன்னிக்கு வந்தால் ஒருவரோடும் ஒழுங்காகக் கதைக்க முடியாது. ஒவ்வொரு நாட்டுக் கைமொழியும் வேறு. இலங்கைக்குள்ளேயே பாடசாலைக்குப் பாடசாலை சைகைகள் மாறும். கைதடியில் படித்தவரும் இரத்மலானையில் படித்தவரும் சில சொற்களுக்கு வெவ்வேறு சைகை காட்டுவார்கள். ஆகவே, உங்கள் பகுதியில் இருக்கும் காது கேளாத பெரியவர் ஒருவரை ஆசிரியராகக் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு மணித்தியாலம் போதும். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியருக்குக் காசு கொடுப்போம், இவரிடம் மட்டும் இலவசமாக எதிர்பார்ப்போம் என்றால் அது நியாயமில்லை.

வகுப்பில் மூன்று விடயங்களில் கவனம் வையுங்கள்.

முகம்தான் முதலாவது. புருவத்தை உயர்த்தினால் அது கேள்வி. தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் மறுப்பு. கன்னமும் உதடும் அளவைக் காட்டும். கேட்கும் எங்கள் ஆட்கள் கையை மட்டும் அசைத்து முகத்தை மரமாக வைத்துக்கொள்வார்கள், அதனால் பாதி அர்த்தம் போய்விடும். அடுத்தது இடம். ஒரு மனிதரை வலப்பக்கம் காட்டினால் கதை முடியும்வரை அவர் அங்கேதான் நிற்கிறார். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவரை ஓரிடத்தில் கிடத்திவிட்டு, குரு எந்தப் பக்கமாக விலகிப் போனார் என்று காட்டிப் பாருங்கள், இந்த மொழியின் அழகு அப்போது விளங்கும். மூன்றாவது ஒழுங்கு. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் சைகையாக்கினால் அது தமிழும் இல்லை, கைமொழியும் இல்லை. எதைப் பற்றிய பேச்சோ அதை முதலில் நிறுத்தி, பிறகு அதைப் பற்றிச் சொல்வதுதான் இவர்களுடைய வழக்கம்.

எழுத்துக்கு எழுத்து விரலால் காட்டும் முறையும் உண்டு. பெயர்களுக்கும் ஊர்களுக்கும் உதவும். ஆனால் பாடசாலை போகாதவருக்கு அது ஒன்றும் விளங்காது. உங்களுக்கு ஒரு சைகைப் பெயர் வைக்கும்படி கேளுங்கள். அதை அவர்கள்தான் வைக்க வேண்டும், நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எவ்வளவு காலம் படிப்பது? சாதாரணமாகக் கதைக்கச் சில மாதங்கள். ஒரு ஆராதனையை முழுமையாக மாற்றிக் கொடுக்கச் சில வருடங்கள். இடையில் அவசரப்பட்டு மேடையேறாதீர்கள். தப்பான சைகையில் சொன்ன வசனம் தப்பாகவே மனதில் பதியும்.

ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் கையை அசையுங்கள், தோளில் மெதுவாகத் தட்டுங்கள், அறை லைட்டைப் போட்டு அணையுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். ஊமை, செவிடு, பைத்தியம் என்று அழைப்பவர்கள் சபைக்குள் இருந்தால் அதை முதல் நாளே நிறுத்துங்கள்.

படி 3: வீட்டுக்குப் போங்கள்

காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அதனால் அவர்களுடைய தனிமை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. முற்றத்தில் எல்லோரும் சிரித்துக் கதைக்க, என்னவென்று கேட்டால் "பிறகு சொல்லுறன்" என்று கையைக் காட்டிவிடுவார்கள். அந்தப் "பிறகு" வராது. நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம், தாய் தகப்பனுக்கும் சகோதரங்களுக்கும் கைமொழி சொல்லிக் கொடுப்பது. வேதபாடத்துக்கு முதல் இதைச் செய்யுங்கள். ஒரு தாய் தன் பிள்ளையிடம் "உனக்கு எங்கே நோகுது?" என்று முழு வாக்கியமாகக் கேட்கும் நாள் அந்த வீட்டையே மாற்றிவிடும். பிறந்து முதல் ஐந்து வருடங்கள் மொழிக்கு மிக முக்கியமானவை. சின்னப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு முதலில் போங்கள்.

"நாங்கள் என்ன பாவம் செய்தோமோ?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஊரும் அப்படித்தான் சொல்லும். கர்ப்பத்தில் வந்த ஜேர்மன் சின்னமுத்து, மூளைக்காய்ச்சல், சில கடுமையான மருந்துகள், பரம்பரை, வெடிச்சத்தம் எனக் காரணங்கள் பல. யோவான் 9-இல் சீடர்கள் பிறவிக் குருடரைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். அந்தப் பகுதியைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

வன்னியில் பல வீடுகள் சைவ வீடுகள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் பிள்ளை பெற்றவர்கள் இருப்பார்கள். நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே ஒளிக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதமில்லாமல் சமயபாடம் எடுக்காதீர்கள். கைமொழி வகுப்பு, கேட்கும் கருவிக்கு உதவி, பாடசாலையில் சேர்ப்பது, இவை எல்லாம் ஞானஸ்நானம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அரிசி மூட்டையோடு சேர்த்துக் கொடுக்கும் நற்செய்தியை வன்னிச் சனம் நன்றாகவே அடையாளம் கண்டுகொள்ளும். அப்படிச் செய்வது கிறிஸ்துவுக்கும் அவமானம்.

படி 4: விவிலியக் கதைகளைக் கைமொழியில் ஆக்குங்கள்

இந்தப் பணியின் நெஞ்சு இதுதான், ஆகவே நேரம் எடுத்துச் செய்யுங்கள். அமெரிக்கக் கைமொழியில் முழு விவிலியமும் 2020-இல்தான் நிறைவடைந்தது. அதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் எடுத்தது. நீங்கள் முழு நூலையும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு கதையிலிருந்து தொடங்குங்கள்.

என் யோசனை, மாற்கு 7:31-37-ஐ முதலாவதாக எடுங்கள். காது கேளாத, திக்கிப் பேசும் மனிதர் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். "எப்பத்தா" (திறக்கப்படு) என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே, என்ன நடக்கப்போகிறது என்பதை அந்த மனிதருக்குக் கண்ணால் விளங்கும்படி காட்டிவிட்டார். கைமொழியில் இதை ஒருவர் செய்து காட்டும்போது பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்ததாக லூக்கா முதலாம் அதிகாரம் நல்லது. பேச முடியாமல் போன செக்கரியாவிடம் பிள்ளைக்கு என்ன பெயர் என்று உறவினர் சைகையால் கேட்க, அவர் பலகையில் எழுதிக் காட்டுகிறார்.

வேலை நடக்கும் விதம் இது. காது கேட்கும் ஒருவர் பகுதியை வாசித்து, பின்னணியை விளக்குவார்: அந்த ஊர் எது, அந்தக் காலத்து வீடு எப்படி, யார் யாரோடு பகை. காது கேளாத இரண்டு மூன்று பேர் அதைத் தங்களுக்குள் விவாதித்து, ஒருவர் கைமொழியில் சொல்வார். அதைப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தக் கதையை முன்பு அறியாத இன்னொரு காது கேளாதவரிடம் காட்டி, "என்ன விளங்கியது? திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவர் சொல்வது பிழையாக இருந்தால் குறை பதிவில் இருக்கிறது, அவரில் இல்லை. திருத்தி மீண்டும் எடுங்கள். சரி வந்ததும் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

இயேசுவுக்குப் பல நாட்டுக் கைமொழிகளில் உள்ளங்கைகளில் ஆணி பாய்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். இப்படி உடனே விளங்கும் சைகைகள் சில உண்டு. தூய ஆவி, அருள், மீட்பு, மனந்திரும்புதல் போன்றவை அப்படி இல்லை. இவற்றுக்குக் காது கேட்பவர்கள் உட்கார்ந்து சைகை கண்டுபிடிக்கக் கூடாது. கதையாகக் காட்டுங்கள். ஊதாரி மகனைத் தூரத்தில் கண்டு தகப்பன் ஓடிவருவதைப் பத்துத் தரம் பார்த்த குழு, அருளுக்குரிய சைகையைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

எச்சரிக்கை ஒன்று. குணமளிக்கும் கூட்டங்களில் காது கேளாதவரை மேடைக்கு இழுத்து, காதில் கை வைத்து, மைக்கைக் கொடுத்து "அம்மா சொல்லு" என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஒருவரைக் காட்சிப்பொருளாக்குவது. இயேசு அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியேதான் அழைத்துப்போனார். சுகம் வேண்டிச் செபிக்கலாம், அவர் கேட்டால். குணமாகவில்லை என்றால் விசுவாசம் காணாது என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

படி 5: ஆராதனை

மாதத்துக்கு ஒரு முறை காது கேளாதோருக்கே தனியான கூடுகை வையுங்கள். மற்ற ஞாயிறுகளில் பொது ஆராதனையில் மொழிபெயர்ப்பு இருக்கட்டும்.

நேரம் பகலாக இருக்கட்டும். மின்சாரம் போனால் எங்களுக்குப் பிரசங்கம் தொடரும், இவர்களுக்கு எல்லாம் முடிந்துவிடும். கடைசி பஸ்ஸையும், துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட்டால் வரும் யானையையும் கணக்கில் எடுங்கள். காலபோக அறுவடையின்போது ஆட்கள் வரமாட்டார்கள், குறை நினைக்காதீர்கள். வட்டமாகவோ பிறை வடிவிலோ கதிரை போடுங்கள், ஒவ்வொருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் சைகை காட்டுபவரின் முகத்தில் விழவேண்டும். யன்னலுக்கு முன்னால் நின்றால் அவர் வெறும் நிழலாகத்தான் தெரிவார். கோடு போட்ட, பூப்போட்ட சட்டை வேண்டாம். தோல் நிறத்திலிருந்து பிரிந்து தெரியும் ஒற்றை நிறம் நல்லது.

பொது ஆராதனையில் மொழிபெயர்ப்பவர் குருவானவருக்கு அல்லது போதகருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். பிரசங்கத்தை முதல் நாளே அவருக்குக் கொடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரே செய்தால் மூளை களைத்துப் பிழை வரும், ஆகவே இருவர் மாறி மாறிச் செய்யட்டும். பாடலைச் சொல்லுக்குச் சொல் காட்டாமல் அதன் கருத்தைக் காட்டுங்கள். மேளத்தில் கை வைத்து அதிர்வை உணர விரும்புபவர்களுக்கு இடம் கொடுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஒரு செய்தி. பாவசங்கீர்த்தனத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்யத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது (990-ஆம் பிரிவு). அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் (983). திருமண வாக்குறுதியையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கொடுக்கலாம் (1106). இதை அறியாமல் பலரை நற்கருணைக்கும் திருமணத்துக்கும் காக்க வைத்திருக்கிறோம். இருந்தாலும் ஒரு குருவாவது கைமொழி படித்துவிட்டால் மூன்றாம் ஆள் தேவையில்லை. அதற்கு ஆயரிடம் கேளுங்கள். மன்னார், வவுனியாப் பங்குகள் மன்னார் மறைமாவட்டத்திலும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலும் இருப்பதால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும்.

மடு ஆவணித் திருவிழாவுக்கு, ஆகஸ்ட் 15-க்கு, தமிழரும் சிங்களவரும் வருவார்கள். காது கேளாதோர் ஒன்றுகூட ஒரு மரத்தடியை முன்கூட்டியே குறித்துச் சொல்லுங்கள். இரண்டு மொழிக்காரரும் கைகளால் எவ்வளவு விரைவாகப் பழகிவிடுகிறார்கள் என்று பார்ப்பீர்கள்.

படி 6: பிள்ளைகளின் பாதுகாப்பு

தனக்கு நடந்ததைச் சொல்ல மொழியில்லாத பிள்ளையைத் துன்புறுத்துவது எளிது என்று கெட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே விதிகள் கடுமையாக இருக்கட்டும். ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. பிள்ளையை ஏற்றி இறக்கும் ஓட்டோவில் தாய் அல்லது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். உடல் உறுப்புகளின் சைகைகளையும், "வேண்டாம்", "தொடாதே", "அம்மாவிடம் சொல்லிவிடுவேன்" என்ற சைகைகளையும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் முதல் மாதத்திலேயே படிப்பியுங்கள். சந்தேகம் வந்தால் சபைக்குள் பேசித் தீர்க்காமல் 1929-க்கு அழையுங்கள், அது சிறுவர் உதவித் தொலைபேசி. பிள்ளையால் தானே பேச முடியாது என்பதால் இந்தக் கடமை உங்களுடையது.

படி 7: பொறுப்பை ஒப்படையுங்கள்

இலங்கையில் காது கேளாத பிள்ளைகளுக்கு முதல் பாடசாலையை 1912-இல் தொடங்கியவர் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண். அவருக்கு முன்பே 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லெப்பே என்ற குரு, காது கேளாதவர்களின் சைகைகளைக் கொண்டே அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இந்த நல்ல வரலாற்றோடு வேறொன்றும் உண்டு. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சை மட்டும் படிப்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த மாநாட்டில் காது கேளாதவர்களின் குரலுக்கு இடமே இருக்கவில்லை என்று சொல்லலாம். அதன்பின் உலகின் பல பாடசாலைகளில் சைகை காட்டிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். 2010-இல் கனடாவின் வன்கூவரில் அதே மாநாடு கூடியபோதுதான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களைப் பற்றி அவர்கள் இல்லாமல் முடிவெடுத்தால் நல்ல மனதுக்காரரும் தீங்கு செய்துவிடலாம்.

ஆகவே முதல் வருடத்திலேயே திட்டக் குழுவில் பாதிப்பேர் காது கேளாதவர்களாக இருக்கட்டும். அந்தக் கூட்டம் கைமொழியில் நடக்கட்டும், மொழிபெயர்ப்பு காது கேட்பவர்களுக்குத்தான் தேவை. இரண்டாம் வருடம் மாதாந்தக் கூடுகையை அவர்களே நடத்தட்டும். செபம் சொல்பவர், கதை சொல்பவர், வீடு சந்திப்பவர், கணக்கு வைப்பவர் என்று ஒவ்வொருவராக உருவாகட்டும். எழுத்து வாசிப்புக் குறைவு என்று ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள், கைமொழியில் பதிந்த கதைகள் இருக்கிறதே. குருத்துவத்துக்கு அழைப்பு உள்ள இளைஞர் இருந்தால் அதையும் மறுக்காதீர்கள். தென்னாபிரிக்காவின் சிரில் அக்சல்ரொட் காது கேளாதவராகப் பிறந்து, குருவாகி, பிற்காலத்தில் பார்வையையும் இழந்த பின்னரும் பணி செய்தவர்.

செப்டெம்பர் 23 சர்வதேச கைமொழிகள் தினம். அந்த வாரத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையைக் காது கேளாதவர்கள் கைமொழியில் நடத்தட்டும், கேட்பவர்களுக்கு ஒருவர் குரலில் மாற்றிச் சொல்லட்டும்.

கடைசியாகக் காசு விடயம். பெரிய நிதி வந்தால்தான் தொடங்குவோம் என்று இருக்காதீர்கள். பணம் முதலில் போகவேண்டிய இடங்கள் மூன்று: கைமொழி ஆசிரியரின் சம்பளம், தூரக் கிராமங்களிலிருந்து வருபவர்களின் பஸ் மற்றும் ஓட்டோக் கூலி, கதை பதிய நல்ல கமரா உள்ள ஒரு போனும் அதற்கு டேட்டாவும். கட்டடம், பெயர்ப்பலகை, ரீசேட் எல்லாம் அதற்குப் பிறகு. கணக்கைக் காது கேளாத ஒருவரும் கேட்கும் ஒருவரும் சேர்ந்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கைமொழியிலும் தமிழிலும் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும்.